உங்கள் காருக்குள் ஒரு வானொலி நிலையம்!

தாம்பரத்திலிருந்து கும்பகோணத்துக்குக் கிளம்புகிறது ஒரு குடும்பம். மறுநாள் காலை முகூர்த்தம். ஸ்டீயரிங்கில் அப்பா, பக்கத்தில் தாத்தா. பின்சீட்டில் அம்மா, பாட்டி, கல்லூரியில் படிக்கும் பேத்தி. கார் தாத்தாவுடையது. வாங்கி 18 வருடங்கள் ஆகின்றன. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி-யைப் புதுப்பித்து, இன்னமும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் ஸ்டீரியோவில்தான். சி.டி. பிளேயர் எப்போதோ நின்றுவிட்டது. மிச்சம் இருப்பது எஃப்.எம். ரேடியோ மட்டும். புளூடூத் கிடையாது, யு.எஸ்.பி. கிடையாது, வயர் சொருகும் ஆக்ஸ் துளையும் கிடையாது.

"புது ஸ்டீரியோ மாத்திடலாம்ப்பா" என்று அப்பா பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "ஓடுற வண்டியோட வயரை வெட்டறதா? வேணாம்ப்பா" என்பதுதான் தாத்தாவின் பதில்.

இந்த முறை பேத்தி ஒரு வழியோடு வந்திருந்தாள். கட்டைவிரல் அளவில் ஒரு கருவி. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினாள். சின்னத் திரையில் எண்கள் ஒளிர்ந்தன. மொபைலை புளூடூத்தில் இணைத்தாள். கார் ரேடியோவை 102.8-க்குத் திருப்பினாள். அடுத்த நொடி, தாத்தாவுக்குப் பிடித்த சீர்காழி கோவிந்தராஜன் நான்கு ஸ்பீக்கர்களிலும் பாட ஆரம்பித்துவிட்டார்.

"எந்த ஸ்டேஷன்ம்மா இது?" என்றார் தாத்தா.

"நம்ம ஸ்டேஷன் தாத்தா!"

செங்கல்பட்டு, மேல்மருவத்தூர் வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. திண்டிவனத்தை நெருங்கும்போது பாட்டுக்குள் கரகரப்பு புகுந்தது. அப்புறம் ஒரு பெண் குரல். அப்புறம் வேறு ஏதோ பாட்டு. இரண்டு பாட்டும் மாறி மாறி மோதிக்கொண்டன. அப்பா ஒரு கையால் ரேடியோ பட்டனை அழுத்தி வேறு எண் தேட ஆரம்பித்தார். "என்னங்க, முன்னாடி பாருங்க!" என்று அம்மா கத்தினார். முன்னால் போன லாரியின் பின்பக்கம் கண்ணாடிக்கு மிக அருகில் இருந்தது. பிரேக் பிடித்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், கருவி அந்த இடத்திலேயே பிடுங்கப்பட்டு டாஷ்போர்டுக்குள் போய்விட்டது. "ஐந்நூறு ரூபா தண்டம்" என்று தீர்ப்பும் எழுதப்பட்டது.

பல கார்களின் டாஷ்போர்டுக்குள் இப்படி ஓர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் தூங்கிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கருவியின் மீது தவறு இருக்காது. 'நம்ம ஸ்டேஷன்' என்று பேத்தி விளையாட்டாகச் சொன்னாளே, அதுதான் உண்மை. அது ஒரு குட்டி வானொலி நிலையம். ஒரு வானொலி நிலையத்துக்கு என்னென்ன தேவையோ அதெல்லாம் அதற்கும் தேவை. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்னைகள் காணாமல் போகும்.

பாட்டு எப்படி ரேடியோவுக்குப் போகிறது?

மொபைலில் இருக்கும் பாட்டு புளூடூத் வழியாகக் கருவிக்கு வருகிறது. பழைய மாடல்களில் புளூடூத்துக்குப் பதில் ஒரு வயர் இருக்கும். கருவிக்குள் இருக்கும் சிப், அந்தப் பாட்டை எஃப்.எம். அலையாக மாற்றி, நீங்கள் திரையில் வைத்திருக்கும் எண்ணில் ஒலிபரப்புகிறது. காரின் ஆன்டெனா அதைப் பிடித்து ரேடியோவுக்குக் கொடுக்கிறது. வந்தது சூரியன் எஃப்.எம்-மா, சொருகியிருக்கும் கருவியா என்று ரேடியோவுக்குத் தெரியாது. இரண்டும் அதற்கு ஸ்டேஷன்தான்.

எஃப்.எம். என்பது 'ஃப்ரீக்வன்ஸி மாடுலேஷன்' என்பதன் சுருக்கம். பழைய மீடியம் வேவ் ரேடியோவில், பாட்டுக்கு ஏற்ப அலையின் உயரம் கூடிக் குறையும். மின்னல் வெட்டினாலும், பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் அந்த உயரம் கெட்டுப்போகும். 'கரகர'வென்று கேட்கும். எஃப்.எம்-மில் அலையின் உயரத்துக்கு வேலை இல்லை. அலை எவ்வளவு நெருக்கமாக அதிர்கிறது என்பதில்தான் பாட்டு ஒளிந்திருக்கிறது. அதனால் வெளி இரைச்சல் அவ்வளவாக ஒட்டாது. இந்த முறையைச் செம்மைப்படுத்தி 1933-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங். இந்தியாவில் முதன்முதலாக எஃப்.எம். ஒலிபரப்பு தொடங்கியது சென்னையில்தான், 1977 ஜூலையில்.

எஃப்.எம்-முக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரே எண்ணில் இரண்டு நிலையங்கள் வந்தால், இரண்டையும் கலந்து கொடுக்காது. எது வலுவாக வருகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இரண்டும் ஏறக்குறைய சம பலத்தில் இருந்தால்தான் சிக்கல். ஒரு நொடி இது, ஒரு நொடி அது என்று தாவும். திண்டிவனத்தில் நடந்தது அதுதான். 102.8 என்பது புதுச்சேரி வானொலியின் ரெயின்போ எஃப்.எம். எண். தாம்பரத்தில் அந்த எண் காலி. தெற்கே போகப் போக புதுச்சேரியின் பலம் கூடியது. ஒரு கட்டத்தில் சீர்காழியை மீறிவிட்டது.

கொசு பலமும் யானை பலமும்

எஃப்.எம். நிலையங்கள் பல ஆயிரம் வாட் பலத்தில் ஒலிபரப்புகின்றன. கொடைக்கானல் மலையில் இருந்து 100.5-ல் வரும் கொடை எஃப்.எம்., தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்பதற்குக் காரணம் அந்த பலமும் மலையின் உயரமும்தான்.

காரில் சொருகும் கருவியின் பலம் எவ்வளவு? இங்கிலாந்தில் இந்தக் கருவிகளுக்கு விதித்த உச்சவரம்பை எடுத்துக்கொள்ளலாம். 50 நானோவாட். அதாவது, ஒரு வாட்டில் 2 கோடியில் ஒரு பங்கு! இவ்வளவு மெலிந்த ஒன்று, பல்லாயிரம் வாட் நிலையத்தோடு எப்படிப் போட்டி போட முடியும்? ஒரே ஓர் அனுகூலம்தான், அருகில் இருப்பது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் பலம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். நிலையம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, கருவியோ ஆன்டெனாவில் இருந்து சில அடி தூரத்தில் இருக்கிறது. காதோரம் கொசு பாடினால், தெருமுனை ஒலிபெருக்கியைவிடக் கேட்கும் அல்லவா? ஆனால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே போய் நின்றால் கொசு தோற்றுவிடும். ஒலிபரப்புக் கோபுரம் இருக்கும் பகுதியைக் கடக்கும்போது, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த கருவி திடீரென்று தடுமாறுவது இதனால்தான்.

ஆகவே, செய்ய வேண்டியது இரண்டுதான். ஒன்று, யாரும் இல்லாத இடத்தில் கடை போடுவது. இரண்டு, முடிந்தவரை ஆன்டெனாவுக்கு அருகில் இருப்பது.

காலியிடம் கண்டுபிடிப்பது எப்படி?

எஃப்.எம். எண்கள் 87.5-ல் தொடங்கி 108 மெகாஹெர்ட்ஸில் முடிகின்றன. சென்னை போன்ற நகரத்தில் நடுப்பகுதி நெரிசலாக இருக்கும். 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று 0.8 இடைவெளியில் தனியார் நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. 98.3-ல் மிர்ச்சி, 101.4-ல் ரெயின்போ, 106.4-ல் ஹலோ எஃப்.எம். கல்லூரிகளின் சமுதாய வானொலிகளும் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4-ல் வருகிறது.

ஒவ்வொரு நிலையமும் தன் எண்ணில் மட்டும் ஒடுங்கி நிற்பதில்லை, இரு பக்கமும் கொஞ்சம் கால் நீட்டிக்கொள்ளும். அதனால் 93.5-க்குப் பக்கத்தில் 93.6-ஐ வைத்தால் சரிப்படாது. குறைந்தது 0.3, முடிந்தால் 0.4 தள்ளி இருக்க வேண்டும்.

செய்முறை எளிது. வண்டியை நிறுத்திவைத்துச் செய்ய வேண்டும்.

முதலில் கருவியைக் கழற்றிவிடுங்கள். ரேடியோவை மட்டும் ஆன் செய்து, 87.5-ல் இருந்து ஒவ்வொரு புள்ளியாக, கையால் நகர்த்துங்கள். 'ஸீக்' பட்டனை அழுத்தினால் அது நிலையம் இருக்கும் இடத்துக்குத் தாவும். நமக்குத் தேவை நிலையம் இல்லாத இடம். பேச்சோ பாட்டோ இல்லாமல், மழை பெய்வதுபோல ஒரே சீரான 'ஸ்ஸ்ஸ்' சத்தம் வந்தால், அது காலியிடம். அடுத்தடுத்து ஐந்து எண்களில் அந்தச் சத்தம் மட்டுமே கேட்டால், நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 88.1-ல் இருந்து 88.5 வரை காலி என்றால், 88.3 உங்களுடையது.

இரண்டாவதாக, ஓர் இடத்தோடு நிறுத்திவிடாமல் மூன்று இடங்களைக் கண்டுபிடியுங்கள். எஃப்.எம். வரிசையின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, 107 பக்கம் ஒன்று. மூன்றையும் ரேடியோவின் 1, 2, 3 பட்டன்களில் பதிந்துவையுங்கள். அதே எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள்.

மூன்றாவதாக, கருவியைச் சொருகி, அதே எண்ணை அதன் திரையில் வையுங்கள். 'ஸ்ஸ்ஸ்' சத்தம் சட்டென்று அடங்கி நிசப்தம் ஆனால், ரேடியோ உங்கள் நிலையத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள். பாட்டைப் போடலாம்.

ரேடியோவில் 'லோக்' என்ற வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பலவீனமான நிலையங்களை ஒதுக்கும் வசதி அது. நம் கருவியையும் சில நேரம் ஒதுக்கிவிடும்.

ஊர் மாறினால் எண்ணும் மாறும்

உள்ளூரில் ஓட்டுபவர்களுக்கு ஒரு முறை எண் வைத்தால் போதும். நெடுந்தூரப் பயணத்தில் அது நடக்காது. சென்னையில் காலியான இடத்தில் புதுச்சேரி உட்கார்ந்திருக்கும். திண்டுக்கல், தேனி பக்கம் போனால் 100.5-ன் அருகில் ஒன்றும் வைக்க முடியாது. ராமேஸ்வரம் கடற்கரையில் இலங்கை நிலையங்களும் வந்து சேர்ந்துகொள்ளும்.

எனவே, பயணத்தை நான்கு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். டீ குடிக்க நிற்கும்போதும், பெட்ரோல் போடும்போதும் எண்ணைச் சரிபார்ப்பது. நடுவழியில் கரகரத்தால், பக்கத்தில் இருப்பவர்தான் மாற்ற வேண்டும். ஓட்டுபவர் தனியாகப் போகிறார் என்றால் ஒலியைக் குறைத்துவிட்டு, அடுத்த நிறுத்தம் வரை பாட்டு இல்லாமல் போவதுதான் சரி. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. சின்னத் திரையில் 102.8-ஐ 88.3 ஆக்க, பட்டனை எத்தனை முறை அழுத்த வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை நொடியும் வண்டி கண்ணில்லாமல் ஓடுகிறது.

மொபைலில் அடுத்த பாட்டைத் தேடுவதும் இதே கணக்குதான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் கொண்டுவந்த திருத்தம், ஓட்டும்போது மொபைலைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான முறையில் ஓட்டும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. கிளம்பும் முன்பே மூன்று மணி நேரத்துக்கான பாட்டுப் பட்டியலைப் போட்டுவைப்பது நல்லது. பாட்டுகளை மொபைலில் இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் நிற்காது. பல கருவிகளில் பென் டிரைவ் சொருகும் இடமும் உண்டு. அதில் எம்.பி.3 பாட்டுகளை ஏற்றிச் சொருகினால் மொபைலே வேண்டாம். பென் டிரைவைக் கருவி படிக்கவில்லை என்றால், கம்ப்யூட்டரில் 'ஃபேட் 32' முறையில் ஃபார்மட் செய்து பார்க்கலாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், பாட்டுகளை முதலில் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சத்தம் சரியில்லையா?

'பாட்டு கேட்குது, ஆனா ரேடியோ மாதிரி இல்லையே' என்பது அடுத்த புகார். இங்கே மூன்று ஒலி அளவுகள் இருக்கின்றன. மொபைலில் ஒன்று, கருவியில் ஒன்று, காரின் ஸ்டீரியோவில் ஒன்று. மொபைலில் மிகக் குறைவாக வைத்துவிட்டு ஸ்டீரியோவைத் திருகினால், பாட்டோடு இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். மொபைலையும் கருவியையும் உச்சத்தில் வைத்தால் பாட்டு பிசிறடிக்கும். பாடகர் 'ச' சொல்லும் இடமெல்லாம் 'ஷ்ஷ்' என்று சிதறும். மொபைலில் முக்கால் பங்குக்குச் சற்று மேல், கருவியில் பாதிக்கு மேல் என்று வைத்துப் பாருங்கள். பிசிறு வந்தால் கருவியில் கொஞ்சம் குறையுங்கள். அது சரியானதும் இரண்டையும் தொட வேண்டாம். அதன் பிறகு கூட்டுவது, குறைப்பது எல்லாம் ஸ்டீரியோவில் மட்டும்.

ஒரு எச்சரிக்கை. கருவியைக் கழற்றிவிட்டு, ஸ்டீரியோவை அதே அளவில் வைத்து நிஜமான எஃப்.எம். நிலையத்துக்கு மாறினால், சத்தம் காதைப் பிளக்கலாம். பின்சீட்டில் குழந்தை தூங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த, பாட்டுக்கு அடியில் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறதா? அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் இருந்து மின்சாரம் வழியாக வருவது. அதே கருவியில் மொபைலையும் சார்ஜ் போட்டிருந்தால், சார்ஜர் வயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், மொபைலை வீட்டிலேயே முழுதாக சார்ஜ் செய்து எடுத்துவருவதுதான் எளிய தீர்வு.

எண்ணும் சரி, ஒலி அளவும் சரி, அப்படியும் கரகரக்கிறது என்றால் ஆன்டெனாவைக் கவனியுங்கள். கார் என்பது இரும்புக் கூண்டு. கருவி உள்ளே இருக்கிறது, ஆன்டெனா வெளியே கூரையிலோ பின்கண்ணாடியிலோ இருக்கிறது. அலை ஜன்னல் வழியாக வெளியே வந்துதான் ஆன்டெனாவைச் சேர வேண்டும். கருவியைச் சாக்கெட்டில் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாலே சில நேரம் தெளிவாகிவிடும். வயரோடு வரும் மாடல்களில், அந்த வயரே ஆன்டெனா வேலையும் செய்வது உண்டு. அதைச் சுருட்டி மூலையில் திணிக்காமல் நீட்டி வைத்தால் போதும். உருவி நீட்டும் பழைய கம்பி ஆன்டெனா உள்ள கார்களில், கம்பியைப் பாதி உள்ளே தள்ளினால் வெளி நிலையங்களின் பலம் குறையும். சில வண்டிகளில் இதுவே நம் கருவிக்கு வழிவிடும்.

இத்தனை செய்தும், புளூடூத் ஸ்டீரியோவின் துல்லியம் வராது. எஃப்.எம். ஒலிபரப்பே 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளை விட்டுவிடும். ஆனால் இன்ஜின் சத்தமும் டயர் சத்தமும் ஹாரன் சத்தமும் கலந்த காருக்குள், அந்த வித்தியாசம் பலருக்குத் தெரியாது.

பக்கத்து காருக்கும் கேட்கும்!

சுங்கச்சாவடி வரிசையில் நிற்கிறீர்கள். பக்கத்து காரின் ரேடியோவும் 88.3-ல் இருந்தால், உங்கள் பாட்டு அவருக்கும் கேட்கக்கூடும். பாட்டு என்றால் பரவாயில்லை. போன் வந்தால்?

பல கருவிகளில் மைக் இருக்கிறது. அழைப்பு வந்தால் பட்டனை அழுத்திப் பேசலாம். அப்போது மறுமுனையில் பேசுபவரின் குரலும் எஃப்.எம். வழியாகத்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. மொபைலுக்கும் கருவிக்கும் இடையே உள்ள புளூடூத்துக்குப் பூட்டு உண்டு. கருவிக்கும் ரேடியோவுக்கும் இடையே உள்ள எஃப்.எம்-முக்குப் பூட்டு கிடையாது. அது ஒலிபரப்பு. அதே எண்ணில் ரேடியோ வைத்திருக்கும் யாரும், அருகில் இருந்தால் கேட்கலாம். வங்கிக் கணக்கு, மருத்துவ ரிப்போர்ட், குடும்பச் சண்டை போன்ற விஷயங்களை இதில் பேசாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, மொபைலை எடுத்துப் பேசுவதே நல்லது.

அதிக தூரம் போகும் கருவி வேண்டாம்

கடையில், 'இது ரொம்ப தூரம் எடுக்கும் சார்' என்று ஒரு மாடலை எடுத்துக் காட்டினால், அதை வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை நான்கைந்து அடி தூரம். அதற்கு மேல் போவது அடுத்தவர் இடம்.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் நிலையம் வைத்து ஒலிபரப்ப அரசின் உரிமம் வேண்டும். பீகாரின் வைஷாலி மாவட்டத்தில் ரேடியோ ரிப்பேர் கடை நடத்திய ஓர் இளைஞர், மிகக் குறைந்த செலவில் தானே ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்தார். மூங்கில் கம்பில் ஆன்டெனா கட்டி, 'ராகவ் எஃப்.எம். மன்சூர்பூர் 1' என்ற பெயரில் பாட்டும் ஊர்ச் செய்தியும் ஒலிபரப்பினார். ஊரே கொண்டாடியது. ஆனால் உரிமம் இல்லை என்பதால் 2006-ல் அந்த நிலையம் மூடப்பட்டது.

காரில் சொருகும் கருவிக்கும் மற்ற நாடுகள் இதே கவனத்தோடுதான் எல்லை வகுத்தன. ஐபாட் பிரபலமாக இருந்த காலத்தில், இங்கிலாந்தில் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். 2006 டிசம்பரில்தான் அந்த 50 நானோவாட் வரம்போடு அனுமதித்தார்கள். அமெரிக்காவில் உரிமம் இல்லாத எஃப்.எம். ஒலிபரப்பு, சுமார் 200 அடிக்கு மேல் போகாத அளவு பலவீனமாக இருக்க வேண்டும். பலம் கூடிய கருவியால், பக்கத்தில் ரேடியோ கேட்கும் ஆட்டோக்காரரின் பாட்டும், வீட்டில் செய்தி கேட்கும் பெரியவரின் ரேடியோவும் கெடும். அதற்காகத்தான் இவ்வளவு கட்டுப்பாடு.

வாங்கும் முன்பு...

முதலில், உங்கள் காரில் வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோவில் ஆக்ஸ் துளை இருந்தால், அதில் சொருகும் புளூடூத் ரிசீவர் இதைவிட நன்றாகப் பாடும். எண் தேடும் வேலையும் இல்லை. கேசட் பிளேயர் வேலை செய்கிறது என்றால், கேசட் வடிவ அடாப்டர் இருக்கிறது. யு.எஸ்.பி. இருந்தால் பென் டிரைவே போதும். இவை எதுவும் இல்லாமல் ரேடியோ மட்டும் இருக்கும் காருக்குத்தான் டிரான்ஸ்மிட்டர்.

வாங்கும்போது, எண்ணைக் காட்டும் தெளிவான திரை இருக்கிறதா, கடைசியாக வைத்த எண்ணை நினைவில் வைத்திருக்கிறதா, சாக்கெட்டில் ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். குண்டும் குழியுமான சாலையில் ஆடினால் பாட்டு விட்டு விட்டு வரும். கார்களில் 12 வோல்ட். பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட். லாரிக்கு வாங்குபவர்கள் 24 வோல்ட் தாங்குமா என்று அட்டையில் பார்த்தே வாங்க வேண்டும். சொருகியதும் அளவுக்கு மீறிச் சுட்டாலோ, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தாலோ உடனே கழற்றிவிடுங்கள். சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் சாக்கெட்டில் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். நாள்கணக்கில் நிற்கும் வண்டி என்றால், கருவியைக் கழற்றி வைப்பது பேட்டரிக்கு நல்லது.

இலங்கையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜப்பானில் ஓடி, அங்கிருந்து இறக்குமதியான கார்கள் அங்கே நிறைய. ஜப்பானின் எஃப்.எம். வரிசை வேறு. அந்தக் கார்களின் பழைய ரேடியோக்கள் 76-ல் தொடங்கி 90 வரைதான் எடுக்கும். அதில் 98, 104 என்று தேடினால் கிடைக்காது. கருவியை 87.5-க்கும் 90-க்கும் இடையில் வைத்தால், அந்த ரேடியோவும் பாடும்.

திரும்பும் வழியில்...

கும்பகோணத்தில் கல்யாணம் முடிந்தது. மண்டப வாசலில் காரை நிறுத்தி வைத்து, பேத்தி பொறுமையாக உட்கார்ந்து 'ஸ்ஸ்ஸ்' சத்தம் தேடினாள். மூன்று எண்களைப் பிடித்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதி தாத்தா கையில் கொடுத்தாள்.

"அப்பா ரேடியோவைத் தொடக் கூடாது. நீங்கதான் தாத்தா ஸ்டேஷன் டைரக்டர்."

தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சேத்தியாத்தோப்பு தாண்டி லேசாகக் கரகரத்தது. அப்பாவின் கை ஸ்டீரியோ பக்கம் போவதற்குள், "நீ ரோட்டைப் பாருப்பா" என்றார் தாத்தா. பத்திரிகையைப் பார்த்து, கருவியில் நிதானமாக எண்ணை மாற்றினார். அப்புறம் ரேடியோவில் இரண்டாம் பட்டனை அழுத்தினார். சீர்காழி விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார்.

விக்கிரவாண்டி டீக்கடையில் நின்றபோது, "அந்த ஸ்டீரியோவை மாத்திடலாமாப்பா?" என்று மறுபடியும் ஆரம்பித்தார் அப்பா.

"எதுக்கு?" என்றார் தாத்தா. பிறகு பேத்தி பக்கம் திரும்பி, "திண்டிவனத்துக்கு எந்த நம்பர்ம்மா எழுதியிருக்கே? இந்த மூணு உன் கையெழுத்துல எட்டு மாதிரி இருக்கு" என்று பத்திரிகையை நீட்டினார்.